கேட்கிற கூட்டாளி

மில் பெண்கள் விடுதி
17.11.2024

அண்ணா,

நீ என் நாயைக் கொன்றுவிட்டாய்.

காட்டெருமை கொன்றது என்று எழுதியிருக்கிறாய். பகடையில் மூன்றுதான் விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் சாக்கு. குகை வாசலில் காட்டெருமை பாய்ந்து வருகிறது, வெள்ளாயி என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். "வெள்ளாயி ஊக்கப் பாட்டுப் பாடுகிறாள், கரிச்சானுக்காக" என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன். பாடினால் கூட்டாளிக்கு ஒரு பகடை கூடுதல். நீ அந்தப் பகடையை உருட்டவே இல்லை. கரிச்சான் பயந்து நின்றது, கொம்பில் மாட்டியது, செத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மெல்வினுடைய ஈட்டிக்காரன் காட்டிய வீரத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மகன் என்றால் விளையாட்டிலும் ஒரு பக்கம் கூடுதலா?

விளையாட்டு நாய்தானே என்று சொல்லாதே. மெல்வினுக்கு ஈட்டி இருக்கிறது. என் வெள்ளாயி பாடினி. வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரு பாட்டும் ஒரு நாயும்தான் அவள் சொத்து. இங்கே பகடை வைத்திருந்தால் சூதாட்டம் என்று பிடுங்கிக்கொள்வார்கள். அதனால்தான் எனக்கும் சேர்த்து நீயே உருட்டு என்று உன் கையில் விட்டேன்.

நீ எழுதிக் கொடுத்த விதித் தாள் என்னிடம் இருக்கிறது. ஆறாவது விதி: "பாணர் ஊக்கப் பாட்டுப் பாடும்போது, கேட்கிற கூட்டாளி ஒருவருக்கு ஒரு பகடை கூடுதல்." நாய்க்குக் காது உண்டு. மெல்வினைவிட நல்ல காது.

கோபத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். நான் நலம். பஞ்சுத் தூசியில் இருமல் இருக்கிறது, இங்கே எல்லாருக்கும் இருப்பதுதான். அப்பா, அம்மா, நீ, மாடு எல்லாரும் நலமா? காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்தாயிற்றா? ஏப்ரல் இருபதோடு என் இரண்டு வருஷம் முடிகிறது. அழைத்துப் போக நீ வருகிறாயா, அப்பா வருகிறாரா? சேலம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு எப்போது விண்ணப்பம் தருவார்கள் என்று விசாரித்து வை. வேறு பிரிவு எனக்கு வேண்டாம்.

கரிச்சானுக்கு நியாயம் வேண்டும்.

சிவசக்தி


மாரமங்கலம்
29.11.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கு அப்பா, அம்மா, நான், மாடு எல்லாரும் நலம். உன் இருமல் குறைந்ததா? வெந்நீர் குடி. கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியைக் கேட்டதும் அவர் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தார், நம் நாய் எதுவும் செத்துவிட்டதோ என்று. நமக்கு நாயே இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவு வந்தது.

கொலைக் குற்றத்துக்குப் பதில் சொல்கிறேன். ரிசார்ட்டுக்கு வந்த அந்த பெங்களூர்க்காரர்கள் மூன்று நாள் மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதை விளையாடினார்கள். டீ கொண்டுபோகிற சாக்கில் வாசலில் நின்றுதான் நான் கற்றேன். காப்பி கொட்டிவிட்டது என்று அவர்கள் விட்டுப்போன புத்தகத்தை வைத்துக்கொண்டு, அகராதியோடு முட்டி மோதித்தான் நம் விதிகளைத் தமிழில் எழுதினேன். அவர்கள் கூட்டத்தில் ஒரு பாணன் இருந்தான். நாய் இல்லை. அதனால் பாட்டு மிருகத்துக்குப் பலிக்குமா என்ற கேள்வியே அங்கே வரவில்லை.

"கேட்கிற" என்று நான் எழுதியது காதால் கேட்பதை அல்ல. "எம்புள்ள சொன்னாக் கேக்கும்" என்று அம்மா உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறாளே, அந்தக் கேட்பது. சொல் புரிந்து, அதன்படி நடக்கிற கூட்டாளி. கரிச்சான் இதுவரை ஒரு தடவையாவது வெள்ளாயி சொன்னதைக் கேட்டிருக்கிறதா? காவல் இரு என்றால் கருவாடு திருடப் போனது. ஞாயிற்றுக்கிழமை மெல்வினும் இதையேதான் சொன்னான்: "அது அவளாட்டவே, ஒரு பேச்சும் கேக்காது."

விண்ணப்பத்தை விசாரிக்கிறேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது.

அன்புடன்,
சின்னராஜ்


மில் பெண்கள் விடுதி
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மலைப்பாதையில் மண் சரிந்து கிடப்பதை மெஸ் டி.வி.யில் காட்டினார்கள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைத்த மூன்று நிமிஷத்தில், ஊடு ஒழுகுகிறதா என்று கேட்பதற்குள் வார்டன் கையை நீட்டிவிட்டார். எல்லாரும் நலமா என்று விவரமாக எழுது. நான் நலம்.

அந்த வார்டன் சங்கீதாக்காதான் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத் தருவார். போன வாரம் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, யாரு இந்தக் கரிச்சான்? எந்த ஊருப் பையன்?"

"நாய்ங்க்கா."

"ஒரு நாய்க்கா இத்தன பக்கம்?"

விளையாட்டு என்று விளக்கினேன். நடுவர் கதை சொல்லுவார், நாங்கள் ஆளுக்கொரு ஆளாக மாறி என்ன செய்கிறோம் என்று சொல்லுவோம், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும் என்றேன். அவர் நம்பவில்லை. விதித் தாளைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறாவது விதியை இரண்டு தடவை படித்தார். "கேக்கறன்னுதான போட்டிருக்கு? அது கேட்டுச்சில்ல? உங்கண்ணன் பண்ணுனது தப்புதான்" என்றார். ஆக, வார்டனே என் கட்சி.

நீ சொல்கிற அர்த்தத்தையே வைத்துக்கொள்வோம். சொன்னதைச் செய்கிறவனுக்குத்தான் ஊக்கம் என்றால், அவனுக்குப் பாட்டு எதற்கு? உத்தரவு போதுமே.

இன்னொன்று. நூற்புப் பகுதியில் எங்களுக்கு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். மிஷின் இரைச்சலில் வரி எதுவும் புரியாது, தாளம் மட்டும் விழும். கால் தானாக வேகம் பிடிக்கும். அறுந்த நூலை முடிந்துகொண்டே ஒரு பாட்டுக்கு இத்தனை நூற்கதிர் என்று ஓடுவோம். சொல் புரியாமலே பாட்டு எங்கள்மேல் வேலை செய்கிறது. கரிச்சான்மேல் ஏன் செய்யாது? இங்கிலீஷ் புத்தகத்தில் அந்த இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து எழுது. உன் தமிழை நான் நம்பவில்லை.

ஏப்ரலில் யார் வருகிறீர்கள்?

சிவசக்தி


மாரமங்கலம்
28.12.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஊடு ஒழுகவில்லை. தொழுவத்து ஓடு நாலு போனது. ரோட்டைச் சரிசெய்ததும் டூரிஸ்டுகள் ஏறிவிட்டார்கள். வருஷக் கடைசி என்பதால் ரிசார்ட்டில் உட்கார நேரமில்லை. அப்பா, அம்மா, நான், மாடு நலம். அப்பா மிளகு பறிக்கும் வேலைக்கு எஸ்டேட்டில் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். நீ சோறு சாப்பிடு.

புத்தகத்தைப் பார்த்தேன். நீ ஜெயித்தாய். ஆறாவது விதியில் உள்ள சொல் காதில் விழுவதைத்தான் சொல்கிறது. விழுந்தால் போதும். பதினோராவது விதியில், அதாவது கூட்டாளி களைப்பே தெரியாமல் ஓடுவதற்கான ஓட்டப் பாட்டில், இருப்பது வேறு சொல். மனம் ஒப்பி முன்வருகிற கூட்டாளி என்று அகராதி சொல்கிறது. நான் இரண்டுக்கும் "கேட்கிற" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறேன். நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தானே. தப்பு என்மேல்.

ஆகவே மெல்வினைச் சாட்சியாக வைத்து, அன்றைக்கு உருட்டாத பகடையை இப்போது உருட்டினேன். ஐந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. ஏழு போதும். கரிச்சான் நிற்கவில்லை, பாய்ந்து எருமையின் காதைக் கவ்வியது. கொம்பு விலாவைக் கிழித்தது, உயிர் இருக்கிறது. உன் நாயை உயிரோடு திருப்பித் தந்துவிட்டேன்.

நிஜத்தில் எப்படி என்று தெரிந்துகொள்ள, ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடும் சிங்கராயரிடம் போனேன். அவர் குதிரைக் கழுத்தில் ஒரு ஸ்பீக்கர் தொங்கும். பாட்டுப் போட்டால் குதிரை நன்றாக நடக்கிறதா என்று கேட்டேன். "குதிரைக்கு என்னத்த தெரியுதுங்க. பாட்டுப் போட்டா மேல உக்காந்திருக்கறவன் ஆடாம உக்காருவான். அதான் அதுக்கு நிம்மதி" என்றார். இதை எந்த விதியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரலில் நானே வருகிறேன்.

அன்புடன்,
சின்னராஜ்


மில் பெண்கள் விடுதி
12.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கரிச்சான் பிழைத்த செய்தியை எனக்கு முன்பே விடுதி முழுவதும் தெரிந்துகொண்டது. சங்கீதாக்கா கடிதத்தைப் படித்துவிட்டு மெஸ்சில் சொல்லிவிட்டாராம். எனக்கு ஒரு கரண்டி கேசரி கூடுதலாகப் போட்டார்கள். எல்லாரும் நலமா? நான் நலம் என்று எழுதுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

போன திங்கட்கிழமை ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. இரண்டு நாள் பாட்டு இல்லை. முதல் நாளே முட்டிக்குக் கீழே எனக்குக் கால் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து மிஷின் அபிஷா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை நாளும் வலிக்கவே இல்லையேடி" என்று அவளுக்கே ஆச்சரியம். சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, பாட்டு இல்லாட்டி உங்களுக்கு ஒடம்பு வணங்காதா?" என்று கத்தினார். புதன்கிழமை ஒலிபெருக்கி சரியானது. வலியும் போய்விட்டது. போனதா, ஒளிந்துகொண்டதா என்று தெரியவில்லை. அதிலிருந்து எனக்குப் பாட்டு வந்தாலே சந்தேகமாக இருக்கிறது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். ஓட்டப் பாட்டுப் பாடினால் கரிச்சான் களைப்புத் தெரியாமல் ஓடும். சரி. பாட்டு அதற்குப் பலம் கொடுக்கிறதா, அல்லது அதன் வலியை அதனிடமிருந்தே மறைக்கிறதா? பாட்டு நின்ற பிறகு அதன் காலுக்கு என்ன ஆகும்? புத்தகத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா?

அடுத்தது, மனம் ஒப்பி முன்வருகிற கூட்டாளி என்றாயே. மெல்வின் சரி, வேண்டாம் என்று வாயால் சொல்லுவான். கரிச்சான் ஒப்புகிறதா இல்லையா என்பது வெள்ளாயிக்கு எப்படித் தெரியும்?

ஐ.டி.ஐ. விசாரித்தாயா? பொங்கலுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் சேர்த்து மாட்டுக்குப் பொட்டு வை.

சிவசக்தி


மாரமங்கலம்
04.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவும் நானும் மாடும் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சேலத்துக்கு அலைச்சல்.

உன் கேள்விகளுக்காகப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பாட்டு நின்ற பிறகு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. மிருகக் கூட்டாளியைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: சொந்தக்காரர் முறை வரும்போது, சொந்தக்காரர் சொன்னதை அது செய்யும். சொல்லாவிட்டால் சும்மா நிற்கும். அது ஒப்புகிறதா என்பது எழுதியவனுக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

நம் மாட்டிடம் சோதித்துப் பார்த்தேன். கறக்கும்போது பாடினேன். முதல் நாள் காதைத் திருப்பியது. இரண்டாம் நாள் செம்பை உதைத்தது. "ஏன்டா, பால்தான் கறக்கோணும், பழிவாங்கக் கூடாது" என்றாள் அம்மா. பாட்டு மோசமா, மாட்டுக்கு இஷ்டமில்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

மெல்வின் இரண்டு ஞாயிறாக வரவில்லை. ஈட்டிக்காரன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று வைத்துக்கொள். வெள்ளாயியும் கரிச்சானும் மட்டும் குகையைக் கடந்து கோட்டை ஒன்றின் முன் நிற்கிறார்கள். கரிச்சான் நொண்டுகிறது.

அன்புடன்,
சின்னராஜ்


மில் பெண்கள் விடுதி
16.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலமா? எல்லாரும் என்றால் எல்லாரும்.

போன ஞாயிறு போனில் அப்பாவைக் கேட்டேன். "தோட்டத்துல இருக்காரு சாமி" என்றாள் அம்மா. சாயங்காலம் ஏழு மணிக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அதற்கு முந்தின ஞாயிறும் தோட்டம்தான். காட்டெருமை இறங்குகிறதா? காவலுக்குப் போகிறாரா? ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

புத்தகம் எழுதியவன் யோசிக்கவில்லை என்றால் நாம் யோசிப்போம். பன்னிரண்டாவது விதி எழுதியிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டில் அபிஷா, நான், சங்கீதாக்கா மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது:

"ஓட்டப் பாட்டுக்கு முன் பாணர் நிற்க வேண்டும். கையை நீட்டி ஒரு முறை சும்மா இருக்க வேண்டும். மிருகம் தானாக வந்து கையை முகர்ந்தால் பாடலாம். முகத்தைத் திருப்பினால் பாடக் கூடாது. பாட்டு நின்ற பிறகு ஓடிய அளவுக்கு அது படுத்துக் கிடக்கும். அதுவரை பாணரும் நகரக் கூடாது."

கடைசி வரி சங்கீதாக்காவுடையது. அவரும் ஒரு காலத்தில் மிஷினில் நின்றவர்தானாம். இப்போது எங்களைப் படியேற்றும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்.

"கேட்கிற" என்ற சொல்லை நீ எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஆனால் அதைக் கூட்டாளியின் தலையில் கட்டாதே. பதினோராவது விதியில் கேட்க வேண்டியது பாணர். வருகிறாயா என்று கேட்க வேண்டும். அப்படித் திருத்தி எழுது.

ஐ.டி.ஐ. விண்ணப்பம்? மூன்று கடிதமாக எழுதுகிறேன். நாய்க்குப் பதில் வருகிறது, எனக்கு வரவில்லை.

சிவசக்தி


மாரமங்கலம்
09.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கு நலம். அங்கு உன் நலமறிய ஆவல்.

பன்னிரண்டாவது விதியை ஏற்றுக்கொண்டேன். இந்த விளையாட்டில் இதுவரை எழுதியதிலேயே நல்ல விதி அதுதான்.

கதையைத் தொடர்கிறேன். கோட்டைத் தலைவன் வெள்ளாயியை உள்ளே அழைத்துப் போகிறான். அவள் பாட்டு அவனுக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த மழைக்காலம் முடியும்வரை கோட்டையிலேயே இருந்து பாடச் சொல்கிறான். சாப்பாடு உண்டு, கூரை உண்டு. வெளியே பாதை மோசம். கரிச்சானின் காயம் நினைத்ததைவிட ஆழம். அதனால் நடக்க முடியவில்லை. மருந்து கோட்டையில்தான் கிடைக்கும். இன்னும் ஒரு வருஷம்தானே என்கிறான் தலைவன். வெள்ளாயி என்ன செய்கிறாள்?

யோசித்து எழுது. அவசரப்படாதே. இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
சின்னராஜ்


மில் பெண்கள் விடுதி
20.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

வெள்ளாயி இருக்கமாட்டாள். இதற்கு யோசனை எதற்கு? கூரைக்கும் சோற்றுக்கும் பாடுகிறவள் என்றால் அவள் ஏன் மலையை விட்டு இறங்கினாள்? கரிச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் கிளம்புகிறாள். மருந்தை மடியில் கட்டிக்கொள்கிறாள். தலைவன் தடுத்தால் பகடையை உருட்டு.

22.03.2025

முந்தாநாள் எழுதிய கடிதம் தபாலில் போகவில்லை. நல்லதாயிற்று. இதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

மேலே உள்ளதைப் படித்துவிட்டு சங்கீதாக்கா என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"வெள்ளாயி போறாளா? நீதான் அடுத்த வருஷமும் இருக்கறியே புள்ள?"

"யாருங்க்கா சொன்னா?"

"உங்கண்ணன்தான் மாசிலயே போன் பண்ணிக் கேட்டாரு. இன்னொரு வருஷம் வெச்சுக்கோங்கன்னு. உனக்குத் தெரியாதா?"

அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஷிப்டுக்கு மணி அடித்தது, போனேன். எட்டு மணி நேரமும் பாட்டு ஓடியது. எனக்கு ஒரு தாளமும் விழவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். டிசம்பரில் "அப்பா, அம்மா, நான், மாடு நலம்." பிப்ரவரியில் "அம்மாவும் நானும் மாடும் நலம்." மார்ச்சில் வெறும் நலம். பொய் எழுதக் கை வரவில்லை, இல்லையா? அதனால் அப்பாவை விட்டுவிட்டாய். மாட்டை எழுதினாய், அப்பாவை எழுதவில்லை.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று?

சிவசக்தி


மாரமங்கலம்
31.03.2025

சிவசக்தி,

அப்பா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைத் தெரிந்துகொள்.

ஜனவரி கடைசியில் எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கியது. இடுப்பு எலும்பு. சேலம் பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். இப்போது ஊட்டில்தான் படுத்திருக்கிறார். எழுந்து உட்காருகிறார். நடக்கவில்லை. போனில் அவரைப் பேச வைத்தால் அழுதுவிடுவார் என்று அம்மா தரவில்லை.

எஸ்டேட்டில் கேட்டோம். அவ்வளவு உயரத்துக்கு அவரை யார் ஏறச் சொன்னது என்கிறார்கள். ரைட்டரும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு மெல்வின் நம் பக்கம் வருவதில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.

நான் ரிசார்ட்டில் இரண்டு ஆள் வேலை பார்க்கிறேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நீ வந்து ஐ.டி.ஐ. சேர்ந்தால் ஊடு தாங்காது. உனக்கு எழுத நாலு தடவை பேனா எடுத்தேன். எழுதினால் நீ உடனே ஓடிவருவாய், அல்லது அங்கே அழுதுகொண்டு மிஷினில் கையை விடுவாய் என்று பயந்தேன். கோட்டைத் தலைவன் கதையிலாவது உன் மனதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம்தான்.

நீ கோபப்பட்டாலும் கடைசியில் கேட்பாய் என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னராஜ்


மில் பெண்கள் விடுதி
07.04.2025

அண்ணா,

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. நான் அழவில்லை என்று மட்டும் சொல். அவர் ஒரே பக்கமாகவே படுக்கக் கூடாது, திருப்பிப் படுக்க வை. அபிஷாவின் தாத்தாவுக்கு முதுகு அப்படித்தான் புண்ணாகிப்போனது.

யார் ஏறச் சொன்னது என்று கேட்டவர்களை நீ சும்மா விட்டுவிட்டு வந்திருக்கிறாய். மிளகு யாருடையது? அவர்கள் மிளகு உச்சியில் காய்த்தது, அப்பா உச்சிக்கு ஏறினார். அவர் என்ன, காற்று வாங்கவா போனார்? அதை மெல்வினின் அப்பா முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு வாய் வரவில்லை. என்னை இங்கே இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மட்டும் வந்திருக்கிறது. பலமானவர்களிடம் கேட்கப் பயம். என்னிடம் கேட்கத் தேவையே இல்லை.

நான் கேட்பேன் என்று நினைத்தாயாம். எந்தக் கேட்பது? நாய்க்கு எது என்று மூன்று மாதம் எழுதினோமே. அகராதி பார்த்தாய், குதிரைக்காரரிடம் போனாய், மாட்டிடம் பாடி உதை வாங்கினாய். ஒரு விளையாட்டு நாயின் சம்மதத்துக்கு உனக்கு இருந்த அக்கறையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நிஜமாகவே சிரித்தேன். அபிஷா பயந்துவிட்டாள்.

முதல் தடவை என்னை இங்கே அனுப்பும்போதும் நீதான் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினாய். "நீ தைரியசாலி, உன்னால முடியும்" என்றாய். கால் தானாக ஏறியது. அது உன் ஊக்கப் பாட்டு. காதில் விழுந்தால் போதும் என்கிற ரகம். இந்த மூன்றாவது வருஷம் அப்படி நடக்காது. இதற்கு ஒப்ப வேண்டும்.

நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பாவை நினைத்தால் இருக்கிறேன் என்று சொல்லுவேன் போலிருக்கிறது. காலை நினைத்தால் மாட்டேன் என்பேன். எட்டு மாதம் இருக்கிறேன், மீதியை நீ பார் என்பேன். ஐ.டி.ஐ.யில் சேர்ந்துகொண்டு சாயங்காலம் வேலை பார்க்கிறேன் என்பேன். ஏதோ ஒன்று சொல்லுவேன். ஆனால் நீ கேட்டால்தான் சொல்ல முடியும். கேட்காத கேள்விக்கு எப்படிச் சம்மதிப்பது?

இருபதாம் தேதிக்குள் எழுது.

சிவசக்தி


மில் பெண்கள் விடுதி
18.04.2025

அண்ணா,

அப்பா எப்படி இருக்கிறார்? அம்மா எப்படி இருக்கிறாள்? நான் நலம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

முந்தாநாளும் தபால் வந்தது. நேற்றும் வந்தது. எனக்கு இல்லை. சங்கீதாக்கா தபால் கட்டை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாதான் பேசினாள். "பக்கத்துலதான் சாமி நிக்கறான், பேச மாட்டேங்கறான்" என்றாள். நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. மூன்று நிமிஷம் முடிந்தும், சங்கீதாக்கா கை நீட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நாலு நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. நீ பேசவில்லை.

காலையில் சூப்பர்வைசர் அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தத் தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. "உங்கண்ணன்தான் ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார். "அவர் ஒத்துக்கிட்டா அவரே வந்து மிஷின்ல நிக்கட்டுங்க. என்னை யாரும் கேக்கலீங்க" என்றேன். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளை மறுநாள் வரை நேரம் என்றார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த நாள் போயிருக்கலாம். போனாலும் பரவாயில்லை. தபாலில் எழுத வேண்டாம். விடுதி நம்பர் உன்னிடம் இருக்கிறது. போன் பண்ணு. கோட்டைத் தலைவன் வேண்டாம், வெள்ளாயி வேண்டாம், நாய் வேண்டாம். உன் வாயால், என் பேரைச் சொல்லி, இருக்கிறாயா வருகிறாயா என்று என்னைக் கேள்.